அணு உலையும் அணுகுண்டும்: கிழக்கிலிருந்து கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உயர்தர அரசறிவியல் மாணவர்களுக்குச் சர்வதேச உறவுகள் நடத்தும்போது, மற்றப் பாடங்களில் கேட்காத பிள்ளைகளும் வாய் திறக்கும் இடம் ஒன்று உண்டு: நாடுகள் ஒன்றுக்கொன்று அணுசக்தித் தொழில்நுட்பம் கொடுப்பதும், அதன் வழியே அணுகுண்டு பரவுவதும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல, பெற்றோரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பௌதிகவியல் தேவையான அளவுக்கு மட்டுமே வரும்.

குண்டு வல்லரசுகளிடம் இருக்கிறது. மட்டக்களப்பில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன வேலை, சேர்?

2021 ஏப்ரலில் ரொட்டர்டாமிலிருந்து சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்று ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தது. அதில் யுரேனியம் ஹெக்சாபுளோரைட்டு இருந்தது. முன்கூட்டி யாருக்கும் அறிவிக்கவில்லை. தெரியவந்ததும் கப்பலை வெளியேறச் சொன்னார்கள். அந்தச் சரக்கு மின் உலைகளுக்கான சாதாரண வணிகப் பொருள்தான். ஆனால் யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலைக்குள் போவதும் அதே சேர்வைதான். உலகின் அணு வணிகம் நம் தென்கரையை உரசிக்கொண்டு போகிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

அதைவிட, 2015 பெப்ரவரி 16ஆம் திகதி புதுடில்லியில் இலங்கையும் இந்தியாவும் சிவில் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கைச்சாத்திட்டன. அதை வாசிக்கத் தெரிந்திருப்பது நம் உரிமை சார்ந்த விடயம்.

மகரகமவுக்குப் போய் அம்மா கோபால்ட் கதிர்ச் சிகிச்சை பெற்றார். அதுவும் அணுசக்தியா? அதிலிருந்து குண்டு செய்ய முடியுமா?

அணுசக்தித் துறையின் பலன்தான். கோபால்ட்-60 உலையில் உருவாக்கப்படும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்கவும் பயன்படுகிறது. அதைக் கொண்டு அணு வெடிப்பு உண்டாக்க முடியாது. திருடி வேண்டுமென்றே தூவினால் ஆபத்து. ஆகவே காவல் தேவை. நாடுகளுக்கு இடையிலான ஒத்துழைப்பில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பயிற்சி, மருத்துவம், விவசாயம் சார்ந்ததே. அதைப் பார்த்துப் பயப்படுவது வீண்.

அப்படியென்றால் பயப்பட வேண்டியது எதைப் பார்த்து?

இரண்டு வேலைகளைப் பார்த்து. ஒன்று செறிவூட்டல், மற்றது மறுபதப்படுத்தல். இந்தத் துறையில் நாடுகள் போடும் சண்டை எல்லாவற்றையும் அலசிப் பார்த்தால் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில் வந்து நிற்கும்.

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழு மட்டுமே எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235. மிகுதி 993 அணுவும் அந்த வேலைக்கு உதவாதவை. உதவாதவற்றைக் கழித்து யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டுவதே செறிவூட்டல். சாதாரண மின் உலைக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை போதும். குண்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் தேவை. எண்களைப் பார்த்தால் நான்குக்கும் தொண்ணூறுக்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏழு அணுவை வைத்துக்கொண்டு நான்கு சதவீதத்துக்கு வர, உதவாத அணுக்களில் 825ஐக் கழிக்க வேண்டும், 175 மிஞ்சும். அதிலிருந்து இருபது சதவீதத்துக்கு வர 140ஐக் கழித்தால் போதும், 35 மிஞ்சும். அங்கிருந்து தொண்ணூறை எட்ட இன்னும் 27ஐக் கழித்தால் சரி. பெரும்பாடு முதல் கட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. மின்சாரத்துக்காகவே என்று சொல்லி, இப்படிக் கழிக்கும் இயந்திரங்களான மையநீக்கிச் சுழலிகளை நிறுவும் நாடு, அதே சுழலிகளை இன்னும் சில மாதம் ஓடவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று மற்ற நாடுகள் ஏன் கவலைப்படுகின்றன என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

ஈரான் விவகாரத்தின் வேரும் இதுதான். அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளோடு செய்த 2015 யூலை உடன்பாட்டில் 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டுவதில்லை, 300 கிலோவுக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை என்று ஈரான் ஒப்புக்கொண்டது. 2018 மே மாதத்தில் அமெரிக்கா அந்த உடன்பாட்டிலிருந்து விலகியது. 2021இல் ஈரான் 60 சதவீதத்தைத் தொட்டது. 2025 யூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு ஆலைகள் மீது குண்டு வீசின. இத்தனைக்கும், ரஷ்யா கட்டிக்கொடுத்த புஷேர் மின் உலை இந்தத் தகராற்றின் மையமாக இருக்கவில்லை. அதற்கு எரிபொருளை ரஷ்யா கொடுக்கிறது. பயன்பட்ட எரிபொருளைத் திரும்ப எடுக்கவும் உடன்பாடு உண்டு.

மறுபதப்படுத்தல் என்று சொன்னீர்களே, அது?

உலையில் யுரேனியம் எரியும்போது அதில் ஒரு பங்கு புளூட்டோனியமாக மாறுகிறது. 1,000 மெகாவாட் உலை ஒன்றிலிருந்து ஆண்டுக்கு இருபது தொன்னுக்கு மேல் பயன்பட்ட எரிபொருள் வெளிவரும். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு புளூட்டோனியம். கடுங்கதிர்வீச்சு உள்ள அந்தக் கழிவுக்குள் கலந்து கிடக்கும்வரை அதை யாரும் கையால் தொட முடியாது. இரசாயன முறையில் பிரித்தெடுத்தால்தான் குண்டுக்கு உதவும். பிரித்தெடுக்கும் அந்த வேலையே மறுபதப்படுத்தல். எட்டுக் கிலோ புளூட்டோனியம் காணாமற் போனால் ஒரு குண்டுக்கான அளவு போய்விட்டது என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் கணக்கு வைத்திருக்கிறது. இருபது தொன் கழிவையும் எட்டுக் கிலோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மின் உலைப் புளூட்டோனியம் தரம் குறைந்தது, குண்டுக்கு ஆகாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சிரமம் கூடுதல் என்பது சரி. ஆகாது என்பது சரியல்ல. அப்படிப்பட்ட புளூட்டோனியத்தைக் கொண்டே அமெரிக்கா 1962இல் ஒரு சோதனை வெடிப்பு நடத்தியது. 1977இல் அதைத் தானே வெளியிட்டது.

சமாதானத்துக்கென்று கொடுத்த உலையிலிருந்து குண்டு செய்த நாடு உண்டா?

உண்டு, தூரத்தில் தேட வேண்டியதில்லை.

1953 டிசம்பர் 8ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஐ.நா. பொதுச்சபையில் பேசினார். அணுவைச் சமாதானத்துக்குத் திருப்புவோம், தொழில்நுட்பத்தைப் பகிர்வோம் என்பது பேச்சின் சாரம். அந்தக் காற்றில்தான் 1957இல் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகவரகம் உருவானது; இலங்கையும் அந்த ஆண்டே சேர்ந்தது. அதே காற்றில்தான் 1956இல் கனடா இந்தியாவுக்கு ஓர் ஆராய்ச்சி உலையைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த உலை இயங்கத் தேவையான கனநீரை அமெரிக்கா கொடுத்தது. பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் எழுந்த அந்த உலைக்குச் சைரஸ் என்று பெயர். 1960இல் இயங்கத் தொடங்கியது. 1964இல் அதே வளாகத்தில் இந்தியா மறுபதப்படுத்தும் ஆலையையும் அமைத்துக்கொண்டது. 1974 மே 18ஆம் திகதி பொக்ரானில் இந்தியா வெடித்த சாதனத்தில் இருந்தது சைரஸ் உலையின் புளூட்டோனியம்.

‘சமாதான நோக்கத்துக்கு மட்டும்’ என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தது. இந்தியா அதை மீறியதாக ஒப்புக்கொள்ளவே இல்லை. நடந்தது சமாதான அணுவெடிப்பு என்றது. நாட்டுப்பற்று ஒருபுறம் இருக்கட்டும், அந்த விளக்கத்தைக் கேட்டு யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் தவறு கொடுத்தவர்களிடமும் இருந்தது. நோக்கத்தை எழுதி வாங்கினார்கள். போய்ப் பார்க்கும் அதிகாரத்தை எழுதி வாங்கவில்லை. பின்னால் வந்த ஒப்பந்தங்களின் நீண்ட நீண்ட பிரிவுகள் எல்லாம் இந்த ஒரு வரியின் பற்றாக்குறையிலிருந்து முளைத்தவை. கனடா ஒத்துழைப்பை நிறுத்தியது. அணுப் பொருள் விற்கும் நாடுகள் கூடி, யாருக்கு எதை விற்பது என்று தமக்குள் விதி வகுத்துக்கொண்டன. அதுதான் இன்றைய அணுப்பொருள் வழங்குநர் குழு.

பாகிஸ்தானுக்கு எப்படிக் கிடைத்தது? இலங்கையர் ஒருவரும் அதில் சம்பந்தப்பட்டவராமே?

பிரித்தானியா, மேற்கு ஜேர்மனி, நெதர்லாந்து மூன்றும் சேர்ந்து மின் உலைகளுக்காக யுரேனியம் செறிவூட்டும் கூட்டு முயற்சி ஒன்றை 1970இல் தொடங்கின. அதற்கு வேலை செய்துகொடுத்த நெதர்லாந்து நிறுவனம் ஒன்றில் அப்துல் காதிர் கான் என்ற பாகிஸ்தானியப் பொறியியலாளர் பணியாற்றினார். 1975இல் நாடு திரும்பினார். சுழலிகளின் வரைபடங்களும், உதிரிப்பாகம் விற்போரின் விபரங்களும் அவரோடு போயின. 1998 மே மாதத்தில் பாகிஸ்தான் குண்டு வெடித்துக் காட்டியது.

கதை அங்கே முடியவில்லை. கான் அதே அறிவை லிபியா, ஈரான், வடகொரியா ஆகிய நாடுகளுக்கு விற்றார். துபாயில் வணிகம் செய்த இலங்கையர் ஒருவர் அந்த வலையமைப்பின் முக்கிய இடைத்தரகர். 2004 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் ஓர் உரையில் அவர் பெயரையே சொன்னார். சுழலியின் பாகங்கள் மலேசியாவில் ஒரு சாதாரணத் தொழிற்சாலையில் கடைந்தெடுக்கப்பட்டன. 2003 ஒக்டோபரில் லிபியாவுக்குப் போன ‘பிபிசி சைனா’ என்ற கப்பல் மறிக்கப்பட்டபோது அவை பிடிபட்டன. (பெயரைப் பார்த்து இலண்டன் வானொலியை நினைக்க வேண்டாம், அது ஒரு ஜேர்மன் கப்பல் நிறுவனத்தின் பெயர்.)

இங்கே மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது, இந்தப் பரவலில் அரசு அரசுக்குக் கொடுத்த உலை எதுவும் இல்லை என்பதே. பயிற்சி பெற்ற ஆளும், கடைசல் இயந்திரமும், வங்கிக் கணக்கும் போதுமாயிருந்தன.

சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் கண்காணிப்பாளர்கள் என்னதான் செய்கிறார்கள்?

கணக்குப் பார்க்கிறார்கள். உள்ளே எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ எரிந்தது, மிச்சம் எங்கே என்று புத்தகத்தையும் பொருளையும் ஒப்பிடுகிறார்கள். கொள்கலனுக்கு முத்திரை இடுகிறார்கள், கமரா பொருத்துகிறார்கள், துடைத்தெடுத்த தூசியைக் கூட ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் கணக்காய்வாளரைப் போன்றவர்கள்தான். பெட்டியைத் திறந்து பார்க்கலாம், கள்ளனைப் பிடித்து அடைக்க முடியாது. குறை கண்டால் ஆளுநர் சபைக்கு அறிவிப்பார்கள், அது பாதுகாப்புச் சபைக்குப் போகும், அங்கே வீட்டோ காத்திருக்கும்.

1991 வளைகுடாப் போருக்குப் பிறகு பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஈராக் தான் காட்டிய இடங்களில் ஒழுங்காக இருந்துகொண்டு, காட்டாத இடங்களில் இரகசிய வேலை செய்திருந்தது. நாடு காட்டும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று 1997இல் மேலதிக நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அறிவிக்காத இடங்களுக்கும் போகும் வழி அதில் இருக்கிறது. ஆனால் அதில் சேர்வது நாடுகளின் விருப்பம்.

வடகொரியா இன்னொரு ஓட்டையைக் காட்டியது. 1985இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 2003இல் விலகுவதாக அறிவித்தது, 2006 ஒக்டோபரில் வெடித்தது. விலக மூன்று மாத முன்னறிவித்தல் கொடுத்தால் போதும் என்று ஒப்பந்தமே சொல்கிறது.

ஐந்து நாடுகள் வைத்திருக்கலாம், மற்றவர்கள் ஆசைப்படவே கூடாது. இது என்ன நியாயம்?

நியாயம் இல்லை. 1967 சனவரி 1ஆம் திகதிக்கு முன் வெடித்தவர்களை அணுவாயுத நாடுகள் என்று ஏற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குக் கதவை அடைத்ததுதான் பரவல் தடை ஒப்பந்தம். 1970 மார்ச் 5ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது ஒரு பேரம். கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு இரண்டு வாக்குறுதி கிடைத்தன: சமாதான அணுசக்தியில் உதவி, வைத்திருப்போர் ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேசுவார்கள் என்ற உறுதி. முதலாவது பெருமளவு நடந்தது. இரண்டாவதை வல்லரசுகள் இழுத்தடித்துக்கொண்டே இருக்கின்றன.

இந்த இடத்தில் இலங்கையர் இருவரை நம் பாடநூல்கள் இன்னும் சற்று உரத்துச் சொல்லலாம். 1995இல் நியூயோர்க்கில் இந்த ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜயந்த தனபால. வாக்கெடுப்புக்கே போகாமல் முடித்துக்காட்டினார். மறு ஆண்டில் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றிய ஆலோசனைக் கருத்தை வழங்கியபோது, தற்காப்பின் கடைசி எல்லையில் அதைப் பயன்படுத்தலாமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்காமல் விட்டது. எந்த நிலையிலும் கூடாது என்று நீண்ட மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதியரசர் கிறிஸ்ரோபர் வீரமந்திரி. இலங்கை 2023 செப்டெம்பரில் அணுவாயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையிலும் சேர்ந்துவிட்டது.

பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத இந்தியாவுக்கு மட்டும் 2008இல் அணு வணிக விதியிலிருந்து விலக்கு எப்படி?

சீனாவுக்கு எதிர்ப்பலம் வேண்டும் என்று அமெரிக்கா கணக்குப் போட்டது; இந்தியாவுக்கு யுரேனியம் தேவைப்பட்டது; உலை விற்போருக்குச் சந்தை தெரிந்தது. 2005 யூலையில் புஷ்ஷும் மன்மோகன் சிங்கும் அணுசக்தி ஒத்துழைப்பை அறிவித்தார்கள். 2008 செப்டெம்பர் 6ஆம் திகதி வழங்குநர் குழு விலக்கு அளித்தது. கவனியுங்கள், 1974இல் இந்தியாவின் வெடிப்பால் பிறந்த குழு அது. மாற்றாக இந்தியா தன் 22 உலைகளில் 14ஐக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. மிகுதி எட்டும் வெளியே. சைரஸ் 2010 முடிவில் மூடப்பட்டது.

இந்தியா மற்றவர்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கடத்தவில்லை, கானைப்போல் கடை விரிக்கவில்லை என்பது உண்மை. விலக்குக்கு ஆதரவானவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனாலும் என் கருத்து, அந்த விலக்கு விதியைப் பலவீனப்படுத்தியது. சீனா பாகிஸ்தானுக்கு மேலும் உலைகள் கொடுத்தபோது தட்டிக்கேட்கும் வாய் அடைபட்டது. பெரிய நாடு விதியை வளைக்கும். நம்மைப்போன்ற சிறிய நாட்டுக்கு விதியைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

இலங்கை இந்தியாவோடு செய்த 2015 ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

அறிவும் நிபுணத்துவமும் பகிர்தல், ஆட்களுக்குப் பயிற்சி, கதிர்த்தொழிற்பாட்டுப் பொருட்களின் பயன்பாடு, கதிர்ப் பாதுகாப்பு, கழிவு முகாமைத்துவம், அணு விபத்து நேர்ந்தால் பாதிப்பைக் குறைத்தல். உலை விற்பனை ஒப்பந்தம் அல்ல. இலங்கை பரவல் தடை ஒப்பந்தத்தை 1979இல் ஏற்புறுதி செய்த நாடு. நம்மிடம் செறிவூட்டும் ஆலையும் இல்லை, மின் உலையும் இல்லை.

விபத்துப் பற்றிய பகுதிதான் நமக்கு உயிரானது. கூடங்குளத்திலிருந்து கற்பிட்டி நேர்கோட்டில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். மட்டக்களப்பு நானூறைத் தாண்டும். கூடங்குளத்தின் ரஷ்ய உலைகள் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ் இருப்பவை. ஆகவே அங்கே குண்டு செய்கிறார்கள் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. விபத்துப் பற்றிய கேள்வி வேறு. அதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

கதிரவெளியிலும் திருக்கோவிலிலும் இல்மனைட் மணல் அள்ள வருவது அணுகுண்டுக்காகத்தான் என்கிறார்களே?

இல்லை. இல்மனைட் இரும்பும் தைத்தேனியமும் கலந்த கனிமம். பெரும்பகுதி வெள்ளை வர்ணப்பூச்சுக்குப் போகிறது. இலங்கைக் கடற்கரைக் கனிய மணலில் மொனசைட்டு என்ற இன்னொரு கனிமமும் சிறிதளவில் உண்டு. அதில் தோரியம் இருக்கிறது. வதந்தி அந்த முனையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. தோரியம் தானாகப் பிளவுபட்டு வெடிக்கும் பொருள் அல்ல. அதை உலைக்குள் வைத்து யுரேனியம்-233 ஆக மாற்றி, பிறகு பிரித்தெடுக்க வேண்டும். கடற்கரையிலிருந்து அள்ளிக்கொண்டு போய்ச் செய்யும் வேலை அல்ல.

தோரியத்துக்கும் இலங்கைக்கும் பழைய உறவு உண்டு. தோரியனைட்டு என்ற கனிமம் உலகில் முதன்முதலில் கண்டெடுக்கப்பட்டது சப்ரகமுவ மண்ணில், 1904இல். கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் கலை வரலாற்றாசிரியராக உலகப் புகழ் பெற்ற அவரேதான். அப்போது இலங்கைக் கனிமவியல் ஆய்வுத் துறையில் இருந்தார்.

கதிரவெளியிலும் திருக்கோவிலிலும் மக்கள் எழுப்பும் கேள்விகள் கடலரிப்பு, நிலத்தடி நீர், மீன்பிடி பற்றியவை. அவை வலுவான கேள்விகள். குண்டுக் கதையை அவற்றோடு ஒட்டவைத்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் கதையை மட்டும் மறுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

நாளைக்கு இலங்கையும் அணுமின் நிலையம் கட்டினால்?

முதலில் அளவு. கூடங்குளத்தின் ஓர் உலை 1,000 மெகாவாட். நம் இங்கினியாகலை நீர்மின் நிலையம் 11. முழு நாட்டின் உச்சத் தேவையே இரண்டரை ஆயிரத்தைச் சற்றுத் தாண்டுவது. அவ்வளவு பெரிய உலை ஒன்று திடீரென நின்றால் நாடே இருளும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததற்கே நாடு முழுவதும் மின்சாரம் போனது. ஆகவே பேச்சு சிறிய உலைகள் பற்றியதாகத்தான் இருக்க முடியும்.

அடுத்தது ஒப்பந்தம். வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர் அறிந்த அபுதாபி இதில் பார்க்கத்தக்க உதாரணம். பராக்காவில் கொரியர்கள் கட்டிய நான்கு உலைகள் இயங்குகின்றன. அதற்கு முன், 2009இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தில், தன் மண்ணில் செறிவூட்டுவதுமில்லை, மறுபதப்படுத்துவதுமில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் எழுதிக்கொடுத்தது. பக்கத்தில் சவூதி அரேபியா அதே வாக்குறுதியைக் கொடுக்கத் தயங்கியது. ஈரான் குண்டு செய்தால் தாமும் செய்வோம் என்று அதன் முடிக்குரிய இளவரசர் 2018இல் வெளிப்படையாகவே சொன்னார்.

இலங்கையில் அப்படியொரு ஒப்பந்தம் வந்தால் நான் முதலில் தேடும் பக்கங்கள் இவை: எரிபொருளை யார் கொடுக்கிறார், பயன்பட்டதை யார் திரும்ப எடுக்கிறார், விபத்துக்கு இழப்பீடு யார் பொறுப்பு, விற்றவர் கோபித்துக்கொண்டால் எரிபொருளுக்கு வேறு வழி என்ன. திறப்புவிழாப் படங்களைப் பிறகு பார்க்கலாம்.

இந்தியாவும் பாகிஸ்தானும் அணு நிலையங்களின் பட்டியலை ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31ஆம் திகதி உடன்பட்டார்கள். 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரி 1ஆம் திகதி பட்டியல்கள் கைமாறுகின்றன. 1999இல் கார்கிலில் சுட்டுக்கொண்டார்கள். அடுத்த சனவரி முதலாம் திகதியும் பட்டியல் போய்ச் சேர்ந்தது.